தொட்டி மீனும் பிள்ளையின் கேள்வியும்

பல வீடுகளில் பிள்ளைகள் முதன்முதலாகக் காணும் மரணம் ஒரு தொட்டி மீனுடையதாகவே இருக்கிறது. பெரியவர்களாகிய நமக்கு அது சிறு செய்தி. மீனை எடுத்துப் போட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவி வைத்தால் முடிந்தது என்று எண்ணுகிறோம். பிள்ளையின் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்பவர் குறைவு.

நம் மதரஸாவில் ஓதும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் சில நாட்களாகப் பாடம் ஒப்புவிக்காமல் தலைகுனிந்தே இருந்தான். மஃரிபுக்குப் பின் தனியே அழைத்து விசாரித்தோம். ஓராண்டாக அவன் வளர்த்த தங்கமீன் இறந்துவிட்டது. இரவில் இரை தின்று நன்றாக நீந்திய மீன், சுபுஹு நேரத்தில் மிதந்தது. உடலில் புண்ணோ புள்ளியோ இல்லை. வீட்டில் ஒருவர், "நமக்கு வரவிருந்த முஸீபத்தை மீன் வாங்கிக்கொண்டது" என்றாராம். மற்றொருவர் கண்ணேறு என்றாராம். அவன் நம்மிடம் கேட்டதோ வேறு: "கடைசியாக இரை போட்டது நான்தான். நான்தான் கொன்றுவிட்டேனா, ஹஜ்ரத்?"

முஸீபத்தை மீன் தாங்கிக்கொள்ளும் என்பதற்கு மார்க்கத்தில் ஆதாரம் இல்லை. கண்ணேறு உண்மை என்று ஹதீஸில் வந்துள்ளது. அதற்காகக் காரணம் தெரியாத ஒவ்வொன்றையும் அதன்மீது சாட்டிவிடலாகாது.

அவனையும் அவன் வாப்பாவையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைக் கெடுக்கும். ஆனால் அந்த வாரம் நீர் மாற்றப்படவில்லை. கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அதற்கு நிறமில்லை, தெளிந்த நீரும் நஞ்சாயிருக்கக்கூடும். மீன் இறந்த அன்றே வாப்பா கடையில் கொடுத்துச் சோதித்த நீரில் அந்தக் குறையும் இல்லை. இரவில் மின்சாரம் நிற்கவில்லை. கொசு மருந்தும் அடிக்கவில்லை. உடனிருந்த இரு மீன்களும் நலமாகவே நீந்தின. உள்ளுறுப்பில் நோய் இருந்திருந்தால் அது வெளியே தெரியாமலே இருந்திருக்கலாம். "காரணம் தெரியவில்லை, தம்பி. நீ போட்ட இரையால் இறந்தது என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை" என்றோம். அவன் வாய்விட்டு அழுதான். மறுநாள் பாடம் ஒப்புவித்தான்.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி அபூ உமைர் ஒரு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். உம்மத்தின் பொறுப்பைச் சுமந்த அவர்களுக்கு, ஒரு குருவிக்காகத் துயருற்ற பிள்ளையிடம் பேசவும் நேரம் இருந்தது.

பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய எச்சரிக்கையும் நம்முன் உள்ளது. வளர்க்கும் உயிர் அமானிதம். அது இறந்தால் நம் பக்கம் குறையுண்டா என்று பார்ப்பது கடமை. "அல்லாஹ்வின் நாட்டம்" என்ற சொல் அந்தத் தேடலுக்குப் பின் வரட்டும். பிள்ளையின் கேள்வியை அடைக்க அதைப் பயன்படுத்த வேண்டாம். அவன் அறியாமல் ஓர் இலையும் உதிர்வதில்லை என்று சூரா அல்அன்ஆம் கற்பிக்கிறது. நமக்குப் புலப்படாததும் அவனுக்குத் தெரியும் என்பதில் பிள்ளைக்கும் ஆறுதல் உண்டு.

பெற்றோர்களே! உங்கள் வீட்டில் இவ்வாறு நேர்ந்தால், எஞ்சிய மீன்களுக்காக நீரைச் சோதியுங்கள். பிள்ளையின் கையாலேயே இறந்ததை மண்ணில் புதைக்கச் செய்யுங்கள். அன்றே புதுமீன் வாங்கிவர விரைய வேண்டாம். அருகில் அமர்ந்து, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். சொல்லாமல் வைத்திருக்கும் அச்சம் அப்போதுதான் வெளியே வரும்.