குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்

எங்கள் திருநீர்மலைக்கு வருகிறவர்கள் மலை மேலே ரங்கநாதரையும், அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாளையும் சேவித்துவிட்டு, படி ஏறி இறங்கிய கால்வலியோடு பஸ் ஏறிவிடுவார்கள். கோயிலுக்கு அப்பால் உள்ள உலகம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பம்மல், நாகல்கேணி பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள், சின்னச் சின்னப் பட்டறைகள், லாரி ஷெட்டுகள். நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்குகிற பிள்ளைகள். இடுப்புவலி அவர்களுக்குச் சம்பளத்தோடு சேர்ந்தே வந்துவிடும்!

வலிக்கு மாத்திரை போடுவதில் தப்பில்லை. எந்த மாத்திரை என்பதில்தான் விஷயம். 'டேபெண்டடால்' என்று ஒன்று. அபின் எப்படி வேலை செய்யுமோ அப்படி வேலை செய்கிற வலி மருந்து. டாக்டர் சீட்டில் எழுதி, அவர் சொன்ன அளவில் சாப்பிட்டால் நல்ல மருந்துதான். அதைக் கள்ளத்தனமாக வாங்கி, பொடித்துத் தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிற பழக்கம் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வாலிபப் பிள்ளைகளிடம் பரவி, உயிர்களும் போயிருக்கின்றன. சாராயம் என்றால் வாசனை காட்டிக்கொடுக்கும். மாத்திரைக்கு ஏது வாசனை?

நம் வீட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் 2 கோடியே 26 லட்சம் பேர் அபின் வகைப் பொருள்களை உபயோகித்திருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் அம்மாவோ அக்காவோ எங்கோ ஒரு சமையலறையில் இருக்கத்தானே செய்வாள்?

என் கொழுந்தனார் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு மத்தியானம். சாப்பாட்டு வேளை முடிந்தும் ஒரு பையன் ஷெட்டு மூலையில் படுத்திருந்தானாம். "ராத்திரி ஷிப்டு பார்த்தவன், குறட்டை விடறான், தூங்கட்டும்" என்று மற்றவர்கள் போய்விட்டார்கள். கூட்டிப் பெருக்கும் அம்மா மட்டும் குனிந்து பார்த்திருக்கிறாள். "ஐயா, இது குறட்டை இல்லீங்க. தொண்டையில களகளன்னு சத்தம் வருது. நகமெல்லாம் நீலமா இருக்கு பாருங்க!" என்று அவள் போட்ட கூச்சலில்தான் எல்லோரும் ஓடி வந்தார்கள். ஒருவன் தலையில் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னான். ஒருவன் பக்கெட் தண்ணீரைத் தூக்கினான். கொழுந்தனார் 108-க்குப் போன் செய்தார். அந்தப் பக்கம் பேசியவர்கள் சொன்னபடியே செய்து கொண்டிருந்தார்கள், வண்டி வந்துவிட்டது. பையன் பிழைத்தான்.

"அண்ணி, அந்த அம்மா பார்க்கலேன்னா சாயங்காலம் போலீஸ்தான் வந்திருக்கும்" என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் கை நடுங்கியது.

அப்புறம்தான் எங்கள் மகளிர் குழுவில் இதைப் பற்றிப் பேசி, தெரிந்த நர்ஸம்மா ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சொன்னது மனசில் பதிந்துவிட்டது. இந்த வகை மருந்து வலியை மட்டும் அடக்காதாம். 'மூச்சு விடு' என்று மூளை போடுகிற உத்தரவையும் அடக்கிவிடுமாம். மூச்சு மெள்ள மெள்ளக் குறைந்து நின்றுபோகும். கூடவே சாராயமோ தூக்க மாத்திரையோ உள்ளே போயிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

கண்மணி குண்டூசித் தலை மாதிரிச் சிறுத்திருக்கும். உதடும் நகமும் நீலம் பாயும். கூப்பிட்டாலும், விரல் முட்டியால் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தாலும் அசைவு இருக்காது. இப்படிப் பார்த்தால் யோசிக்கவே கூடாது, 108. மூச்சு நின்றிருந்தாலோ, எப்போதோ ஒன்று வந்தாலோ, மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஊத வேண்டும். மூச்சு ஒழுங்காக வருகிறதென்றால் ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம், வாந்தி எடுத்தாலும் புரையேறாது. மோர், உப்புத் தண்ணீர், காப்பி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. நடக்க வைக்கிறேன் என்று இழுத்துக்கொண்டு அலையவும் கூடாது.

இதற்கு மாற்று மருந்து உண்டு. 'நலோக்சோன்' என்று பெயர். அடங்கிப்போன மூச்சை நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுவரும். அதன் வேகம் தணிந்ததும் மறுபடி மயக்கம் வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் இருந்தே ஆக வேண்டும். பக்கத்தில் இருக்கிற சாதாரண ஜனங்கள் கைக்கும் இது கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் மூக்கில் அடிக்கிற ஸ்பிரேயாக, 2023 முதல் சீட்டு இல்லாமலே கடையில் விற்கிறார்கள். நமக்கு அது ஆஸ்பத்திரியில் டாக்டர் போடுகிற ஊசி. அதனால்தான் 108-ல் வருகிறவர்களிடம் "ஏதோ மயக்கம்" என்று மழுப்பாமல், இன்ன மாத்திரை என்று அட்டையையே எடுத்துக் காட்டிவிட வேண்டும்.

போலீஸ் பயம்தான் பலர் வாயை அடைக்கிறது. ஆனால் 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்திலேயே, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், சொந்த உபயோகத்துக்கான குற்றத்தில் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பட்டறை முதலாளி அந்தப் பையனைக் கணக்கு முடித்து அனுப்பத்தான் பார்த்தார். கொழுந்தனாரும் கூட வேலை செய்கிறவர்களும் போய்ப் பேசி, சிகிச்சை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ள வைத்தார்கள். வேலை போய்விடும் என்று தெரிந்தால் அடுத்தவன் ஒளிந்துகொண்டுதானே ஊசி போடுவான்? தனியாக இருக்கும்போது மயங்கினால் யார் பார்ப்பது? சாந்தி ரங்கநாதன் அவர்கள் கணவரைக் குடியால் இழந்த பிறகு 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையும் தொழிற்சாலைகளோடு சேர்ந்து இந்த வழியில்தான் வேலை செய்தது. என்னைக் கேட்டால், பட்டறைச் சுவரில் 'போதை ஒழிப்போம்' என்று எழுதுவதைவிட, பாரம் தூக்குகிறவனுக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கிக் கொடுப்பது பெரிய காரியம்!

நர்ஸம்மா கடைசியாக ஒன்று சொன்னார். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய புதிதில்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். சில வாரம் விட்டிருந்தால் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். சபலத்தில் பழைய அளவையே எடுத்தால் அதுவே உயிரை வாங்கிவிடும். அந்த நாட்களில் பிள்ளை கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். குளியலறையில் நேரமானால் ஒரு குரல் கொடுங்கள். பாட்டியின் ஆபரேஷனுக்கு வாங்கி மிச்சமான வலி மாத்திரையை எண்ணி, உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. எங்கள் தெருவில் காஸ் சிலிண்டர் நம்பருக்குப் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்.