கிடாருக்கு அடித்த ஆப்பு

என் பெரிய மாமாவின் எலெக்ட்ரிக் கிடாருக்குள் கல்வராயன் மலை மரம் இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் யாரும் மறுத்துப் பேசாத செய்தி. கள்ளக்குறிச்சி வட்டாரக் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி வாசித்தவர் அவர். அவருடைய கணீர் நாதத்துக்கு அந்த மலைக்கட்டைதான் காரணம் என்பார் அவர் மகன், என் அத்தான். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் அந்த மரத்துக்கு நூறு வயது கூடும். எனக்கு எரிச்சல் கூடும்.

மாமா காலமானபின் கிடார் என் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஐந்து ஸ்பிரிங். அவை இழுத்துப் பிடித்திருக்கும் இரும்புக் கட்டையின் இருபுறமும் கட்டைவிரல் பருமனில் மரத்துண்டுகள் அடித்து இறுக்கப்பட்டிருந்தன. கைப்பிடியை அழுத்தினால் பிரிட்ஜ் சாய்ந்து ஆறு கம்பிகளும் ஒன்றாகச் சுருதி இறங்கும். அதற்குப் பெயர்தான் ட்ரெமோலோ. அதை யாரோ வேண்டுமென்றே முடக்கியிருக்கிறார்கள். கைப்பிடி மட்டும் உறையின் ஓரத்தில் புரி தேயாமல் கிடந்தது.

துண்டு ஒன்றைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போனேன். டீக்கடையில் ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துக் கடுக்காய் மரம் என்றார். இன்னொருவர் முகர்ந்து பார்த்துச் சந்தனம் என்றார். அவர் முகர்ந்தது மாமா போட்ட பாலிஷை என்பது என் சந்தேகம். வயதான ஒரு பாட்டி நகத்தால் கீறிவிட்டு, "இது எங்க மலை மரமே இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். அத்தோடு இறங்கியிருக்கலாம். விடாமல் ஊர் ஊராகக் காட்டிக்கொண்டே போனேன். கேட்ட ஆட்களைவிட மரப்பெயர்கள் அதிகமாகச் சேர்ந்தன. இவ்வளவு சின்னத் துண்டு நாதத்தை எவ்வளவுதான் மாற்றும் என்ற கேள்வி மலையை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது.

விடை கீழேயே இருந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. அந்தப் பட்டறைகளில் ஒன்றில் மாமாவின் பழைய சிநேகிதர் இன்னும் உளி பிடிக்கிறார். துண்டைப் பார்த்ததும் தன் வேலை என்று ஒப்புக்கொண்டார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை.

"என்ன மரம்ணே?"

"மிச்ச மரம்."

"எதோட மிச்சம்?"

"வாசக்கால்."

"நாதத்துக்காகத் தேக்கா?"

"ஆடிச்சு. ஆப்பு அடிச்சேன்."

எப்படிச் சுற்றிக் கேட்டாலும் இதே நாலு சொல். அடுத்த முறை போனபோதும் இதேதான். மரத்தை விட்டுவிட்டு, ஆடினால் என்ன, அது ஆடுவதற்கென்றே செய்ததாயிற்றே என்று கேட்டேன். உளியைக் கீழே வைத்தார். "கச்சேரி நடுவுல ஒரு கம்பி அறுந்துச்சாம் தம்பி. மத்த அஞ்சும் சுருதி ஏறிப்போச்சாம். பாடுறவரு மைக்குலயே திட்டிட்டாராம். மறுநாள் காலைல கிடாரத் தூக்கிட்டு இங்க வந்து நின்னான்."

மலைக்கட்டைக் கதை அங்கே முடிந்தது. எனக்கு அதைவிட நல்ல கதை கிடைத்தது.

சாதாரணக் கம்பிகள் ஆறும் சேர்ந்து பிரிட்ஜை சுமார் 47 கிலோ விசையில் இழுக்கின்றன. பின்னாலிருந்து ஸ்பிரிங்குகள் அதைச் சமன் செய்கின்றன. ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங் கை ஓங்கி, மீதி ஐந்தும் ஏறிவிடும். ஒரு கம்பியை விரலால் வளைத்தாலோ மற்றவை இறங்கும். அசையாத பிரிட்ஜில் இந்தத் தொல்லை கிடையாது: அறுந்ததை விட்டுவிட்டு ஐந்து கம்பியில் பாட்டை முடித்துவிடலாம். 1954இல் ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிடாரை இரண்டு விதமாகவும் விற்றது. ட்ரெமோலோ இருந்தால் 249.50 டாலர், இல்லாவிட்டால் 229.50. கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் ட்ரெமோலோ உள்ளதை வைத்துக்கொண்டே அதற்குள் மரக்கட்டை வைத்து அடைத்தார். மாமா கிளாப்டனைக் கேட்டவர் அல்ல. மேடையில் அவருக்கு இருந்தது ஒரே கிடார், அவ்வளவுதான்.

நம் சங்கீதத்துக்கும் அசையாததே தோது என்று எனக்குப் படுகிறது. கர்நாடக இசையை எலெக்ட்ரிக் கிடாரில் வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டுப் பாருங்கள். கமகம் முழுக்க இடது கை விரலில் இருக்கிறது. ஒரு கம்பியை இழுக்கும்போது பக்கத்தில் ஒலிக்கும் கம்பி நழுவினால் ஆதார சுருதி என்னாவது?

ஆனால் ஆப்பால் போனதும் ஒன்று உண்டு. லியோ ஃபெண்டர் ஆரம்பத்தில் செய்தவை மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிடார்கள். அவருடைய ஆரம்பகாலக் கூட்டாளி டாக் காஃப்மன் 1930களிலேயே கிடாருக்கு ஆட்டும் கைப்பிடி செய்தவர். இரும்புத் துண்டைக் கம்பிமேல் தேய்க்கும்போது வருகிற ஹவாய்க் குழைவைக் ஃப்ரெட் உள்ள கிடாரிலும் கொண்டுவரும் ஆசை அந்தக் கைப்பிடியில் இருக்கிறது. எம்.எஸ்.வி. பாடல்களில் ஹவாய் கிடார் வரும் இடங்களை மாமா விரல் இழுப்பிலேயே சமாளித்தார். ஒற்றைச் சுரம் என்றால் அது நடக்கும். நாலைந்து சுரங்கள் சேர்ந்து ஒன்றாய் அலைய வேண்டுமென்றால் விரல் போதாது.

பட்டறையிலேயே மிச்ச ஆப்புகளையும் கழற்றி, கைப்பிடியைத் திருகி, ஒரு கார்டை மீட்டி மெல்ல அழுத்திக் காட்டினேன். பெரியவர் இன்னொரு முறை செய்யச் சொன்னார். "இத அவன் எனக்கு வாசிச்சே காட்டல" என்றார். திரும்ப ஆப்பு அடிக்கவா என்று கேட்டதற்கு, "வாசிக்கிறவனக் கேளு" என்று உளியை எடுத்துக்கொண்டார்.

வாசிக்கப்போகிறவன் மாமாவின் பேரன். மேடையில் ஒன்று தோளிலும் ஒன்று ஸ்டாண்டிலுமாக இரண்டு கிடாரோடு நிற்பவன். கம்பி அறுந்தால் பாட்டு நடுவிலேயே மாற்றிக்கொள்வான். ஆப்பு வேண்டாம் என்றான். கைப்பிடியை மாட்டியே கொடுத்துவிட்டேன்.