பலாலி: செம்மண்ணில் ஓர் ஓடுபாதை

காஞ்சி மாவட்டத்துத் தென்னேரியின் கரையில் நின்றால், கண்ணுக்கெட்டிய தூரம் நீரும் நெல்வயலுமே தோன்றும். அதே வட்டாரத்துப் பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையுமென 2022-இல் அறிவிக்கப்பட்டது முதல், ஏகனாபுரம் முதலிய ஊர்களின் உழவர் நிலம் கொடோம் என்று போராடி வருகின்றனர். இவ்வெண்ணம் நெஞ்சில் இருக்கவே, நாம் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் ஏறினோம்.

சிறிய விமானம், ஒன்றரை மணி நேரத்திற்கும் குறைவான பயணம். கடல் மறைந்து செம்மண் தோன்றியதும், அருகிருந்த மூதாட்டியார் ஒருவர் சன்னலோடு முகம் பதித்து, “எங்கட காணி இஞ்சதான் சாமி, வேலிக்கு உள்ளே” என்றார். நாம் மறுமொழி அறியாது இருந்தோம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை இவ்விடத்தில் ஓடுபாதை அமைத்தது. 1942 ஏப்ரலில் சப்பானியர் கொழும்பையும் திருக்கோணமலையையும் குண்டு வீசித் தாக்கிய காலம் அது. போர் ஓய்ந்தபின் போர்க்களம் மக்கள் பாதையாயிற்று. 1947 டிசம்பர் 10-ஆம் நாள், ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து இவ்வழியே சென்னை வந்தது.

ஆனால் போர் மீண்டும் வந்தது. உள்நாட்டுப் போரில் பலாலி பெரும் படைத்தளமாயிற்று. 1990-இல் சுற்றுப்புற ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர்; அவர்தம் வீடும் தோட்டமும் கோயிலும் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. தரைவழி அடைபட்ட நாளில் கொழும்புக்குச் செல்ல விமானமே துணையாயிற்று, அத்துணையும் ஆபத்தானதே. 1998 செப்டம்பர் 29-இல் இங்கிருந்து புறப்பட்ட பயணியர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட, அதில் இருந்த 55 பேரும் மாண்டனர்.

2009-இல் போர் முடிந்தது. காணிகள் சிறிது சிறிதாகவே திரும்பின. மயிலிட்டி மீன்பிடித் துறை 2017 சூலையில்தான் விடுவிக்கப்பட்டது. அலைகடல் அருகிருந்தும் இருபத்தேழு ஆண்டுகள் தம் துறையில் வலை வீச இயலாத மீனவரை எண்ணிப் பாருங்கள்! 2019 அக்டோபர் 17-இல் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. பெருந்தொற்றால் நின்ற அச்சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் தொடர்ந்தது. எனினும் காணிகள் முழுவதும் இன்னும் உரியவரைச் சேரவில்லை.

விமானம் வேண்டாவென்று நாம் கூறவில்லை. பிரிந்த உறவினரை அதுவே ஒன்றுசேர்க்கிறது. நாமும் அதிலேதான் சென்றோம். ஆயினும் நாபோத்து தன் மூதாதையரின் திராட்சைத் தோட்டத்தை அரசனுக்கும் விற்க மறுத்த வரலாறு நாம் அறிந்ததன்றோ? எடுப்பது ஒரு நாள். திரும்புவது ஒரு தலைமுறை. பலாலி புகட்டும் பாடம் இதுவே.

திரும்பி வந்து தென்னேரிக் கரையில் நின்றோம். நாற்று நடும் பெண்கள் தலை நிமிர்ந்து, வானில் சென்ற விமானத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் குனிந்தனர். அடுத்த முறை விமானம் ஏறும் அன்பர்களே, சக்கரம் தரையைத் தொடும் கணத்தில், அத்தரையை உழுதவர் எவரென்று ஒரு நொடி நினைத்துக்கொள்வீர்களாக.