மௌனம் பற்றி மேலும் ஒரு குறிப்பு

மௌனத்தைப் பற்றி நான் நிறையவே எழுதியிருக்கிறேன். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இருப்பதுதான் கவிதை என்கிற மாதிரி சில அபிப்பிராயங்களை, சற்று ஆணித்தரமாகவே, வெளியிட்டதுண்டு. இப்போது அவற்றைத் திரும்பப் படிக்கக் கூச்சமாக இருக்கிறது. காரணம் இலக்கியம் அல்ல. என் மகள் வயிற்றுப் பேரன் இரண்டரை வயதுவரை ஐந்தாறு வார்த்தைகளுக்குமேல் பேசவில்லை.

அந்த மௌனத்தில் அழகு எதுவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போவான். வேறெதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டால் தரையில் விழுந்து தலையை முட்டிக்கொள்வான். ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று சொல்லாதவர்கள் இல்லை.

முதலில் பார்த்த டாக்டர் ஐந்து நிமிஷத்தில் முடிவு சொன்னார். வீட்டில் தமிழ், வெளியில் இங்கிலீஷ், அதனால் குழந்தை குழம்பிப்போயிருக்கிறது. இனிமேல் பள்ளிக்கூடத்து பாஷையை மட்டும் பேசுங்கள். மகளும் மருமகனும் அப்படியே செய்தார்கள். ஆபீஸில் சரளமாக வரும் இங்கிலீஷ் குழந்தையைக் குளிப்பாட்டும்போது வரவில்லை. கட்டளைகளும் கேள்விகளுமாகச் சுருங்கிவிட்டது. இது என்ன கலர், இது என்ன அனிமல் என்று படம் போட்ட அட்டைகளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினோம். என் மனைவி திருநெல்வேலிக்காரி. இங்கிலீஷ் தெரியாது. தன்னால் பிள்ளை கெட்டுவிடக் கூடாதென்று அவள் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். எட்டு மாதம் அந்தச் சென்னை வீட்டில் இரண்டு பேர் ஊமையாக இருந்தார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை. அறையில் உட்கார்ந்து புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு அம்மாள் பையனின் வாயைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார். மெத்தென்ற ஒரு அடைப்பானைக் காதில் வைத்து, உள்ளே காற்றின் அழுத்தத்தை மாற்றி, செவிப்பறை அசைகிறதா என்று ஒரு கருவியில் பார்த்தார். குழந்தை பதில் சொல்லவேண்டிய அவசியமில்லாத பரிசோதனை. இரண்டு செவிப்பறைகளுக்கும் பின்னால் நீர் கட்டியிருந்தது. வலி இருக்காது, ஜுரம் இருக்காது. ஆகவே யாருக்கும் தெரியாது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானே வடிந்துவிடும். இவனுக்கு வடியவில்லை. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு கேட்கிற மாதிரி அவன் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

தொல்காப்பியத்தின் பிறப்பியலில், எழுத்து ஒலி பிறப்பதற்கு எட்டு இடங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். அன்று இரவு அதை எடுத்துப் பார்த்தேன். காது அதில் இல்லை. அது ஒலி பிறப்பைச் சொல்லும் பகுதி. குறை சொல்ல முடியாது. ஆனால் பேச்சு வேறொருவரிடமிருந்து வந்து சேருவது என்பதை நாங்களும்தான் மறந்திருந்தோம்.

செவிப்பறையில் சிறு குழாய் வைத்து நீரை வெளியேற்றினார்கள். அந்த அம்மாள் பிறகு சொன்னவை மிகச் சாதாரணமானவை. இரண்டு மொழி கேட்பதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தாமதப்படுவதில்லை. உங்களுக்கு எது தாராளமாக வருமோ அதில் பேசுங்கள். அவன் உயரத்துக்கு உட்காருங்கள். அவன் பார்ப்பதைப் பற்றிப் பேசுங்கள். கேள்விகளைக் குறையுங்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் இரண்டாகச் சொல்லுங்கள். பேசிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள்.

இந்தப் பத்துதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. வாதத்தில் எதிராளிக்கு இரண்டு விநாடி கொடுத்துப் பழக்கமில்லாதவன் நான். என் மனைவிக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "என்னலே பாக்க? காக்காயா?" என்பாள். நிறுத்துவாள். அவன் முகத்தைப் பார்ப்பாள். "போவச் சொல்லுவமா?" மறுபடியும் நிறுத்துவாள். அவன் எதுவும் சொல்லாவிட்டால், "சரி, இருந்துட்டுப் போவட்டும்" என்று அவன் சார்பில் முடிவெடுப்பாள். அவன் பேசாதபோதும் அவனுக்கென்று அந்தச் சம்பாஷணையில் ஒரு இடம் காலியாக வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் எட்டு மாதம் நிறுத்திவைத்தது இதைத்தான்.

ஒரு நாள் ஜன்னலோரம் நின்று "மய" என்றான். நான் பரவசத்தில், "மழை, மழை, ழ சொல்லு" என்றேன். தமிழுக்கே உரிய எழுத்து என்று வேறு மனசில் ஓடியிருக்க வேண்டும். அன்று முழுவதும் அவன் வாயைத் திறக்கவில்லை. மூன்று வயதில் ழகரம் வராதது குறையே அல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். திருத்தக் கூடாது, பதிலுக்குள் சரியான வார்த்தை இருந்தால் போதும். "ஆமாலே, மழ பேயுது, பாத்தியா" என்று என் மனைவி சொன்னபோது அவளும் ஐகாரத்தை விழுங்கித்தான் சொன்னாள். எந்தத் தமிழை நான் அவனுக்குக் கொடுக்கப் பார்த்தேன்? படக்கதைப் புத்தகத்தில் 'மழை பெய்கிறது' என்று இருக்கும். எந்த வீட்டிலும் மழை அப்படிப் பெய்வதில்லை. இப்போது வாசிக்கும்போதே வாயால் மாற்றி வாசிக்கிறேன். நாற்பது வருஷம் எழுத்துத் தமிழில் உட்கார்ந்தவனுக்கு நாக்கு தடுக்கத்தான் செய்கிறது.

பையனுக்கு ஐந்து வயதாகிறது. நிறையப் பேசுகிறான், ழ சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. நான் கவனிப்பதில்லை என்று சொன்னால் பொய். என் மனைவி மட்டும் இன்றும் பள்ளிக்கூடத்து ஆசிரியை யாராவது வந்தால் சமையலறைக்குள் போய்விடுகிறாள். அவன் பின்னாலேயே போய், "ஆச்சி, நீ ஏன் பேச மாட்டேங்க?" என்று கேட்கிறான். கேட்டுவிட்டுக் காத்திருக்கிறான்.