புதுச்சுவரின் ஈரம்

வீடு கட்டி முடிந்ததென்று மேசன் கூறும் நாளும் அது குடியிருக்கத் தக்கதாகும் நாளும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை நம்மவர் பெரும்பாலும் கணக்கிற் கொள்வதில்லை.

சீமெந்து இறுகுவதற்கு அதன் நிறையில் ஏறத்தாழக் காற்பங்கு நீரே இரசாயன முறையில் வேண்டப்படும். சாந்து குழைந்து வரவேண்டுமென்பதற்காக அதனிலும் மிகுதியாக ஊற்றப்படுகின்றது. பூச்சு வெடிக்காதிருக்கச் சுவரை ஒரு வாரம் வரை நனைத்து வைப்பதும் அவசியமே. இவ்வாறு எஞ்சிய நீர் காற்றோடுதான் வெளியேறுதல் வேண்டும். மாரியிலோ காற்றே ஈரமாயிருப்பதால் சுவர் தன் நீரை எளிதில் விடுவதில்லை.

2009 ஆம் ஆண்டு போர் முடிந்தபின் வன்னிக்கு மீண்ட எமது குடும்பம் சில ஆண்டுகள் தகரக் கொட்டிலில் வாழ்ந்தது. புதுவீட்டுக்கு ஐப்பசியிற் கூரை ஏறியது. கார்த்திகையிற் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். தை பிறக்குமுன் அலுமாரியின் பின்னே பூஞ்சணம் கறுத்துப் படர்ந்தது. அம்மம்மாவின் இழுப்பு நோயும் கடுமையாயிற்று. இன்னொரு மாரியையும் தகரத்தின் கீழே கழிக்க மறுத்தவரை எவர்தாம் குறைகூற இயலும்?

ஆயினும் ஈரத்தின் மூலத்தை அறிதல் கடினமன்று. ஒரு பொலித்தீன் துண்டைச் சுவரில் நாற்புறமும் ஒட்டி ஓரிரு நாள் விடுக. உட்புறம் நீர் அரும்பின் அது சுவரின் ஈரம். வெளிப்புறம் அரும்பின் அறைக் காற்றின் ஈரம். முன்னையதில், சுவரின் அடிப்பாகம் மட்டும் ஆண்டுதோறும் நனைந்து உப்புப் பூக்குமாயின், அத்திவாரத்தின் மேல் ஈரத்தடுப்புப் படை சரிவர இடப்படாமையால் நிலத்து நீர் ஏறுகின்றதென ஐயுறலாம். வர்ணம் அதற்கு மருந்தாகாது. கட்டும்போது சேர்ந்த நீராயின் பொறுமையே மருந்து. முதலாண்டிற் காற்றுப் புகாத வர்ணத்தைத் தவிர்த்துச் சுண்ணாம்பால் வெள்ளையடித்தல், தளபாடங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்தல், மழையற்ற வேளைகளிற் சாளரங்களைத் திறந்துவிடுதல் என்பன செலவின்றியே இயலுவன. வைகாசி முதல் வீசும் சோளகக் காற்று எஞ்சியதைச் செய்யும்.

வீட்டுத்திட்டங்களை வகுப்போர் கல்லையும் கூரையையும் கணக்கிடுகின்றனர்; சுவர் உலரும் பருவத்தையும் கணக்கிடுதல் வேண்டும். மாசிக்குள் கூரை ஏறுமாறு வேலைகள் ஒழுங்கு செய்யப்படின், ஒரு கோடை முழுவதும் அச்சுவர்களுக்குக் கிடைக்கும். பல்லாண்டு காத்திருந்த மக்களை மேலும் காத்திருக்கச் சொல்வதிலும் இதுவே நேரியது.