பித்தளையில் பத்து விநாடி

"இது கேமரா வேலை இல்லீங்க தம்பி, வாச்சு வேலை" என்றார் பெரியவர். கோவை ராஜ வீதியை ஒட்டிய சந்தில், ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய வாச்சுக் கடை. மூன்று இடங்களில் கைவிரித்த என் யாஷிகா-மேட் 124 ஜி அவர் மேசையில் இருந்தது. பொள்ளாச்சியில் மாமா ஸ்டுடியோ வைத்திருந்தபோது வாங்கியது. எல்லாம் ஓடும். செல்ஃப் டைமர் லிவரை இழுத்துவிட்டால் மட்டும் இரண்டு விநாடி உறுமிவிட்டு நின்றுவிடும். ஷட்டரும் அத்தோடு மாட்டிக்கொள்ளும். அந்த லிவரைத் தொடாதே என்று மாமா அடிக்கடி சொன்னதன் பொருள் அப்போதுதான் புரிந்தது.

லூப்பைக் கண்ணில் செருகிக்கொண்டு முன்தகட்டைக் கழற்றினார். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பல்சக்கர வரிசை. லிவரை இழுத்தால் ஸ்பிரிங் இறுகும். விட்டால் சக்கரங்கள் ஓடும். கடைசிச் சக்கரத்தின் பற்களில் கவை போன்ற ஒரு துண்டு இப்படியும் அப்படியும் ஆடி, ஓட்டத்தைத் தடுத்துத் தடுத்து அனுப்பும். வாச்சில் அதற்குப் பேலட் என்று பெயர். நாம் கேட்கும் 'கிர்ர்' அதன் சத்தம்தான். முள்ளும் பேலன்ஸ் வீலும் இல்லாத கடிகாரம்.

கோளாறு எண்ணெயில். வருடக்கணக்கில் காய்ந்து பிசினாகியிருந்தது. பெட்ரோலில் முக்கி, பிரஷ்ஷால் தட்டி, இரண்டு முறை கழுவினார். பிறகு ஊசி முனையில் எண்ணெய் எடுத்துச் சக்கரங்களின் அச்சு முனைகளில் மட்டும் வைத்தார். பேலட்டுக்கு ஒரு பொட்டுகூட இல்லை. "அதுக்கு எண்ணெ காட்டுனீங்கன்னா மறுபடியும் என்கிட்டத்தான் வரோணும்." லிவரை விட்டார். ஒன்பது எண்ணி முடிக்கவும் ஷட்டர் விழுந்தது.

என் பையில் இன்னொன்றும் இருந்தது. டைமரே இல்லாத பழைய மடிப்புக் கேமரா. டைமர் வெகுகாலம் பல கேமராக்களுக்கு உள்ளே இருந்ததில்லை. லைக்காவே 1954-ல்தான் III எஃப் மாடலில் அதை உள்ளே வைத்தது. அதுவரை லைக்காவுக்குத் தனியாக வாங்கி மாட்ட வேண்டியதுதான். ஜெர்மனியின் ஆட்டோக்னிப்ஸ் அப்படி ஒன்று. கேபிள் ரிலீஸின் முனையைப் பிடித்துக்கொண்டு, நேரம் வந்ததும் அதன் பொத்தானை நமக்குப் பதிலாக அழுத்தும். தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. சரி, செய்துவிடலாம் என்று நினைத்ததற்கு இந்த ஊர்தான் காரணம். கேமராக்களுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி செய்த ஜி.டி. நாயுடுவின் ஊர் இது. 1937-ல் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்த ஊரில் ஒரு டைமர் செய்ய முடியாதா?

முதலில் டைம்பீஸை வைத்துப் பார்த்தேன். அலாரம் அடிக்கும்போது பின்னாலுள்ள சாவி சுற்றும். அதில் நூலைக் கட்டினால் நூல் பொத்தானை இழுக்கும். இழுக்கவும் செய்தது. ஆனால் அலாரம் முன்னே பின்னே நாலைந்து நிமிடம் தள்ளி அடிக்கும். அதுவரை எவர் சிரித்துக்கொண்டே நிற்பது?

கணபதிப் பகுதியில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர் டைம்பீஸைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பம்ப்செட் ஊர்க்காரருக்குப் பிஸ்டன்தான் முதலில் தோன்றும். பித்தளைக் கம்பியைக் குடைந்து சிறிய சிலிண்டர் ஆக்கினார். உள்ளே ஸ்பிரிங். பிஸ்டனுக்குச் சைக்கிள் பம்பின் தோல் வாஷரை அளவாக வெட்டித் திருப்பிப் போட்டார். அதில்தான் சூட்சுமம். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது வாஷரின் ஓரம் மடங்கிக் காற்றை வெளியே விடும். ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும்போது ஓரம் விரிந்து அடைத்துக்கொள்ளும். பின்புறத்துத் திருகாணி ஓட்டை வழியாக எவ்வளவு காற்று உள்ளே வருகிறதோ அவ்வளவுதான் பிஸ்டன் நகரும். திருகாணியை இறுக்கினால் விநாடி கூடும்.

தோலைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்தோம். சாயங்காலம் பத்து விநாடி வந்தது. மறுநாள் காலை மார்கழிக் குளிரில் பிஸ்டன் அசையவே இல்லை, எண்ணெய் உறைந்திருந்தது. வாச்சுக்காரர் சொன்னது இங்கேயும் வந்து நின்றது. "வெளக்கெண்ணெ போட்டுப் பாக்கலாமுங்க" என்று தோலைச் சோப்புத்தண்ணீரில் கழுவிக் காயப்போட்டார்.

விளக்கெண்ணெயில் பதினொன்று வந்தது. திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தியதும் பத்து. அதை மடிப்புக் கேமராவில் மாட்டி, டிரில்லிங் மெஷின் மேசைமேல் வைத்து, பிஸ்டனைப் பிடித்திருந்த கொண்டியை எடுத்துவிட்டு, லேத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவரும் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். புஸ்ஸென்று மெல்லிய சத்தம். பிறகு 'டக்'.

கூலி கேட்டேன்.

"எத்தன பீஸு போடறதுங்க?"

"இது ஒண்ணுதான்."

"ஒண்ணுக்கு ரேட்டுச் சொல்லித் தெரியாதுங்களே" என்றார். நூறு பீஸுக்கு என்ன ஆகும் என்று சாக்பீஸால் தரையில் கணக்குப் போடத் தொடங்கினார்.