கிணற்றடியில் ஏறிய சவர்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறே ஜீவாதாரம். ஆகையால், கனடாவில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு வடமராட்சியிலுள்ள எங்கள் வளவுக்குத் திரும்பிய நான், பிரயாணக் களைப்பையும் பொருட்படுத்தாது முதலில் நாடிச் சென்றது கிணற்றடியைத்தான். துலா நின்ற இடத்தில் அதன் ஆடுகால்கூட இல்லை. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த உள்வட்டத்தில் மோட்டாரின் குழாய் இறங்கியிருந்தது. நீர் சிந்திக் காய்ந்த கட்டெங்கும் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தது. அள்ளிக் குடிக்கப்போன என்னைப் பெரியம்மா தடுத்தார்.

"அது வேண்டாம் ராசா. மாசி பிறந்தாலே உந்தக் கிணறு சவர்த்துப்போகும். குடிக்கிறதுக்கு இப்ப பவுசர் தண்ணிதான்."

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை, குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளினூடே இறங்கி, சமுத்திரத்திலிருந்து உட்புகுந்திருக்கும் கனமான உவர்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கேணியின் மேல்நீர் இனிக்க, ஆழத்து நீர் கரிப்பதன் இரகசியமும் இதுவே. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்குமென்பது கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் அறிஞர்கள் கண்ட விதி. ஆகவே, மேலே ஓர் அடி குறைந்தால் கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலேறும்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த நாட்களில் மனித தேகத்தின் களைப்பே இறைப்புக்கு ஓர் எல்லையை விதித்திருந்தது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விருத்தியடைய, களைப்பறியாத இயந்திரம் வந்தபின் அந்த எல்லை மறைந்தது. தோட்டத்துக்கிட்ட உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகளினூடே இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்றை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கு மேல் உயர்த்தியிருக்கின்றன.

ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, அந்நீரை வடமராட்சிக்குத் திருப்புமாறு பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950-களில் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கோர் ஆறு' திட்டம் இன்னும் பூரணமாகவில்லை. 2024-இல் தாழையடியில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் குடிநீர்த் தாகத்தைத் தணிக்கக்கூடும். ஆயினும், நிலத்தடியில் ஒதுங்கிய நன்னீரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வல்லது மழை ஒன்றே.

அந்த மழைக்கு வழியடைத்தவர்களுள் புலம்பெயர்ந்த நாமும் இருக்கிறோம் என்பதை ஊரைச் சுற்றிப் பார்த்தபோது உணர்ந்தேன். நாம் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளின் முற்றங்கள் முழுவதும் சீமெந்து பூசப்பட்டிருக்க, கூரையில் விழும் நீர் மண்ணைத் தீண்டாமலே தெருவழியோடிக் கடலிற் கலக்கிறது. குளங்களோ தூர்ந்து கிடக்கின்றன. கோபுரங்களுக்கு நாம் மனமுவந்து வழங்கும் திரவியத்தில் ஒரு பங்கை அக்குளங்களைத் தூர்வாரவும், வீடுதோறும் கூரை நீரை நிலத்துள் இறக்கவும் செலவிடுவோமாயின், அதனினும் பெரிய தர்மத்தை ஊருக்கு நாம் செய்துவிட முடியாது.